சங்கு ஊதிய கன்னம்

பிள்ளைகளே,

நான் சாப்பிட்டு எழும்பும்போது உங்களில் ஒருவர் ஓடிவந்து என் வலக்கன்னத்தில் ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கையைத் தட்டிவிடுவீர்கள். "அப்பாவுக்குத் தெரியாது" என்று சிரிப்பீர்கள். உண்மைதான், தெரியாது. வலக்கன்னத்திலும் மூக்கின் வலப்பக்கத்திலும் மேலுதட்டின் வலப்பாதியிலும் உணர்ச்சி எனக்கு இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. ஏன் என்று கேட்டால் "கார் அடிச்சது" என்று சொல்லித் தப்பிவிடுவேன். அது அரைக்கதை. மிச்ச அரையில் என் மோட்டுத்தனமும் இருக்கிறது, ஒரு பொய்யும் இருக்கிறது. அந்த நாட்களில் நீங்கள் மூன்று பேரும் கொடிகாமத்தில் மாமா வீட்டில் இருந்தீர்கள். மூத்தவள் வதனிக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். கண்ணும் கன்னமும் சுகமாக இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டொக்டர்மார் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரித்தான் எழுதுவேன்.

அது மார்கழி மாதம், திருவெம்பாவை நாட்கள். விடிய முன்னம் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க் கொக்குவிலை எழுப்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன் என்பது உங்களுக்குத் தெரியும். தட்டி ஒலிக்கிற சேமக்கலம் தம்பிராசா அண்ணையின் கையில். சங்கு பதினைந்து வயதிலிருந்து என்னுடையது. நாலாம் நாள் ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயப் பிடிகளோடு ஒருவர் காத்திருந்தார். எங்கள் வாடகைக் கார் மழையில் நனைந்து, பற்றரி இறங்கிக் கிடந்தது. முன்னால் இஞ்சினைச் சுற்றுகிற இரும்புக் காண்டிலைச் செருகி, குனிந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். இஞ்சின் பின்னுக்கு உதைத்தது. காண்டில் என் கையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிச் சுழன்று வலக்கன்னத்தில் விழுந்தது.

நோ அவ்வளவு இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. எழும்பி நின்று லேஞ்சியால் மூக்கிரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்டுமில்லை, ஏறுங்கோ" என்று வெங்காயக்காரரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிடிகளை இறக்கத் தொடங்கினார்.

உங்கள் அம்மா என்னை முதலில் முறிவு வைத்தியம் செய்கிற பரியாரியாரிடம்தான் கொண்டுபோனாள். அவர் பத்துப் போட்டு விடுவார், நாளைக்குக் கார் ஓடலாம் என்று நான் நினைத்தேன். அவர் கண்குழியின் விளிம்பில் பெருவிரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"தம்பி, இஞ்சை படி விழுந்திருக்கு. உது கையோ காலோ, பனமட்டை வைச்சுக் கட்ட? பெரியாஸ்பத்திரிக்குப் போ."

"பத்துப் போட்டால் வீக்கம் வத்தாதோ?"

"வீக்கம் வத்தும். வத்தினாப் பிறகு சொக்கை பள்ளமாக் கிடக்கும். அப்ப என்னைப் பேசுவாய்."

பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் என்னைப் பல் டொக்டரிடம் அனுப்பினார்கள். "பல்லுக்கு ஒண்டும் இல்லையே" என்று துண்டு தந்தவரிடம் சண்டை பிடித்தேன். முக எலும்பு எல்லாம் அவர்கள் கைக்குள்தான் என்று பிறகுதான் அறிந்தேன். வாங்கில் எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர், எல்லோரும் நாடியைப் பிடித்தபடி. நான் ஒருவன்தான் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

டொக்டர் மெலிந்த மனிதர். கதைக்கும்போது மற்றவரின் முகத்தைப் பார்த்தே கதைப்பார். என் பின்னால் வந்து நின்று, உச்சந்தலைக்கு மேலாலே எட்டி இரண்டு கன்னங்களையும் பார்த்தார். முன்னால் நின்று பார்த்தால் வீக்கம் பள்ளத்தை மறைத்துவிடுமாம். வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல்தான் போனது. பஞ்சால் மேலுதட்டைத் தொட்டார். பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் தெரியவில்லை. பேனையை மேலே உயர்த்தினார்.

"எத்தினை பேனை?"

"ரெண்டு, ஐயா."

எக்ஸ்றே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து அம்மாவுக்கும் எனக்கும் விளங்கப்படுத்தினார். "சொக்கை எலும்பு ஒரு முக்காலி மாதிரி. ஒரு கால் நெத்திப் பக்கம், ஒண்டு காதுப் பக்கம், ஒண்டு மேல்வாய்ப் பக்கம். மூண்டும் விட்டிட்டுது. முக்காலி உள்ளுக்கை இறங்கியிட்டுது. அது நாடி எலும்பை மறிக்கிறதாலைதான் வாய் திறக்கேல்லை. கண்ணுக்குக் கீழை வாற நரம்பு நசிஞ்சதாலைதான் உதடு விறைச்சிருக்கு. கண்ணைத் தாங்கிற தட்டும் வெடிச்சதாலை ரெண்டாத் தெரியுது."

"நான் கார் ஓடுறவன், ஐயா."

"அதுதான் சொல்லுறன். இப்ப ஓடாதையுங்கோ. வீக்கம் வத்த ஆறு நாள் கழிச்சு வாங்கோ, எலும்பைத் தூக்கி வைப்பம். ரெண்டு கிழமைக்கு மேலை விட்டால் அது பிழையான இடத்திலையே ஒட்டியிடும். மற்றது, மூக்குச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கோ."

இதை அவர் இரண்டு தரம் சொன்னார். நானும் நேர்மையாகக் கேட்டு நடந்தேன். நாலு நாளாக மூக்கைத் தொடவே இல்லை. வீக்கம் வற்றியது. கண்ணாடியில் பார்த்தேன், வெள்ளைவிழியில் இரத்தம் சிவப்புத் துணி மாதிரிப் படர்ந்திருந்ததே தவிர, மற்றபடி மனிதனாகத்தான் இருந்தேன். சுகம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

திருவெம்பாவையின் எட்டாம் நாள் விடியப்புறம் எங்கள் ஒழுங்கை முகப்பில் சேமக்கலம் கேட்டது. அதற்குப் பின்னால் சங்கு. சங்கென்றா சொல்வது! எனக்குப் பதிலாக ஊதியவருக்குக் காற்று வந்தது, நாதம் வரவில்லை. தொழுவத்தில் கன்றுக்குட்டி அழுகிற மாதிரி ஒரு சத்தம். நான் படலையடியில் போய் நின்றேன். தம்பிராசா அண்ணை லாந்தரை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"பாத்தியே, நீ இல்லாமல் ஊர் எழும்புதில்லை. பயந்து போர்வையை இழுத்து மூடுது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் பெருமையும் வந்தது. அதுதான் பிழை.

"இஞ்சை தாருங்கோ, ஒருக்கா."

"வேண்டாமடாப்பா, டொக்டர் என்ன சொன்னவர்?"

"மூக்குச் சிந்தக்கூடாதெண்டுதான் சொன்னவர். சங்கு ஊதக்கூடாதெண்டு ஆரும் சொல்லேல்லை."

அண்ணை தயங்கியபடி சங்கை வாங்கித் தந்தார். நீட்டி ஒரு ஊது ஊதினேன். நல்ல நாதம். ஒழுங்கைக் கடைசிவரை போனது. அது முடிய முன்னமே என் கன்னத்துக்குள் யாரோ சுடுதண்ணீர் ஊற்றியது போலிருந்தது. கண்மடல் தன்பாட்டில் மூடிக்கொண்டது. கையால் தடவினேன். பெரிய இடியப்பத்தட்டை முகத்தில் ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். விரலால் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, உள்ளுக்கை உப்புக்கல்லு நெரிக்கிற மாதிரி நறநறக்குதப்பா!"

பக்கத்து ஒழுங்கைக் கார்க்காரனை எழுப்பிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அம்மா என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதுதான் எனக்கு உண்மையான பயத்தைத் தந்தது.

டொக்டர் வந்து என் கன்னத்தை அமத்திப் பார்த்தார்.

"மூக்குச் சிந்தினீரோ?"

"இல்லை ஐயா. சத்தியமா இல்லை."

"அப்ப?"

அம்மாதான் சொன்னாள். "சங்கு ஊதினவர்."

டொக்டர் பக்கத்தில் நின்ற தாதி மிசியிடம், "இனி மூக்குச் சிந்தாதையுங்கோ எண்டு சொல்லேக்கை சங்கையும் சேர்த்துச் சொல்ல வேணும். நாங்கள் இருக்கிறது யாழ்ப்பாணத்திலை" என்றார். அவர் சிரித்தபடியால் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்ததாகச் சொன்னதில் சிரிப்பு இல்லை. கன்ன எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறதாம், அது மூக்கோடு தொடுப்பாம். அறையின் சுவர் வெடித்திருக்கும்போது பலமாக ஊதினால் காற்று வெடிப்பாலே வெளிவந்து தோலுக்குக் கீழே பரவுமாம். காற்று தானாக வற்றிவிடும். ஆனால் மூக்கிலுள்ள கிருமியும் காற்றோடு கண்ணைச் சுற்றிப் போய்ச் சேர்ந்திருக்கலாம். கண்ணுக்குள் சீழ் பிடித்தால் பார்வை போகும்.

அன்றே கட்டில் தந்தார்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு ஊசி. எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று கன்னத்தோடும் இடுப்போடும் பேரம் பேச வேண்டியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் வடக்குக் கரையைச் சேர்ந்த வேலுப்பிள்ளை அண்ணை இருந்தார். வள்ளத்தில் பாய்மரம் திரும்பி அடித்து அவருக்கு நாடி எலும்பு இரண்டாகியிருந்தது. மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பல்லுக்கூடாகத்தான் கதைப்பார்.

"என்னெண்டு வந்தது?" என்று கேட்டார்.

சொன்னேன். பல்லைக் கடித்தபடி சிரிக்க முடியாமல் கட்டில் ஆட ஆட ஊமைச் சிரிப்புச் சிரித்தார்.

"எனக்கு வாயைக் கட்டினவை. உனக்கு மூக்கைக் கட்டியிருக்க வேணும். எங்கடை ரெண்டு பேற்றை தலையையும் சேர்த்தால் ஒரு முழு மனிசன் வருவான்."

கோதுமை மாத் தட்டுப்பாட்டில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. அம்மா கொக்குவிலில் வரிசையில் நின்று கால் இறாத்தல் பாண் வாங்கி, பஸ் ஏறி வந்து, தேத்தண்ணியில் தோய்த்து, ஒரு விரல் போகிற என் வாய்க்குள் கிள்ளிக் கிள்ளி வைப்பாள். விறைத்த உதட்டால் தேத்தண்ணி வழிவது எனக்குத் தெரியாது. அவள் முந்தானையால் துடைத்துவிடுவாள். வேலுப்பிள்ளை அண்ணைக்கும் ஒரு போத்தலில் வடித்த கஞ்சி கொண்டுவருவாள். தம்பிராசா அண்ணை ஒரு நாள் விபூதியோடு வந்தார். குற்றவாளி மாதிரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "அண்ணை, நான்தான் கேட்டு வாங்கினது" என்றேன். "ஓம், ஆனால் குடுத்தது நான்" என்றார்.

நாலு நாளில் நறநறப்பு அடங்கியது. காய்ச்சலும் வரவில்லை. ஐந்தாம் நாள் ஒப்பரேஷன். வலது காதுக்கு மேலே தலைமயிரைக் கொஞ்சம் வழித்தார்கள். அங்கே சின்னதாக வெட்டி, ஒரு தட்டைக் கம்பியை எலும்புக்குக் கீழே விட்டுத் தூக்குவார்களாம். முகத்தில் தழும்பு வராது. "தூக்கேக்கை டக்கெண்டு ஒரு சத்தம் கேக்கும். அதுதான் எனக்குச் சங்கு" என்றார் டொக்டர். மயக்க மருந்தில் நான் அதைக் கேட்கவில்லை. பிறகு கேட்டேன். "நல்லாக் கேட்டது" என்றார்.

கண் விழித்தபோது வலக்கன்னத்தில் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, அதில் மையால் குறுக்கும் மறுக்குமாகப் பெரிய புள்ளடி போட்டிருந்தது. அந்தப் பக்கம் ஒருவரும் தொடக்கூடாது, நான் அந்தப் பக்கம் படுக்கவும் கூடாது என்பதற்கு அடையாளம். தூக்கி வைத்த எலும்பு ஒட்டும்வரை ஒரு தலையணை அமத்தினாலே திரும்ப இறங்கிவிடும். கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மிசி வந்து மடலை உயர்த்தி வெளிச்சம் அடித்து, "தெரியுதோ? எத்தினை விரல்?" என்று கேட்டபடி இருந்தார்.

"மிசி, நான் கண்ணை ஒருத்தருக்கும் குடுக்கப் போறேல்லை. கொஞ்சம் நித்திரை கொள்ள விடுங்கோ."

"நித்திரை நாளைக்குக் கொள்ளலாம். கண்ணுக்குப் பின்னாலை இரத்தம் கசிஞ்சு கட்டினால் நரம்பை நெரிச்சுப்போடும். கெதியாக் கண்டுபிடிச்சால்தான் வெட்டி விடலாம். எத்தினை விரல்?"

"மூண்டு."

"சரி. படுங்கோ, இடப்பக்கம்."

அதன்பிறகு நான் முறைப்படவில்லை. அவர் வர ஐந்து நிமிடம் பிந்தினால் நானே கையை நீட்டி என் விரலை எண்ணிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் வாய் இரண்டு விரல் திறந்தது. கன்னத்துக்கு அதன் மேடு திரும்பி வந்தது. வீட்டுக்கு விட முன்னம் டொக்டர் கண்ணைச் சோதிக்க வந்தார். அன்று ஞாயிறு. மாமா வதனியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் கட்டில் ஓரத்தில் அமர்ந்திருந்தாள்.

இப்போது அந்தப் பொய். இரவும் பகலும் எனக்கு ஒரே நினைப்பு, கார். நேரே பார்த்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. மேலே பார்த்தால் மட்டும் இரண்டு. ஆனால் நாடியைக் கொஞ்சம் உயர்த்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று கட்டிலில் கிடந்தபடியே கண்டுபிடித்து வைத்திருந்தேன். பார்க்கிற பொருள் கண்ணுக்கு நேரே வந்துவிடும், கண் மேலே போகத் தேவையில்லை.

டொக்டர் பேனையை உயர்த்தினார். "எத்தினை?"

நாடியை உயர்த்தினேன். "ஒண்டு, ஐயா."

"இப்ப?"

"ஒண்டுதான்."

அவர் எழுதக் குனிந்தார். அப்போது வதனி கேட்டாள்.

"அப்பா, ஏன் நாடியை மேலை தூக்கிறியள்? டொக்டர் ஐயா பேனையைத் தூக்க நீங்களும் தூக்கிறியள்."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். இடது கையால் என் நாடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பேனையை உயர்த்தினார்.

"இப்ப சொல்லுங்கோ."

பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலுப்பிள்ளை அண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு" என்றேன்.

"எனக்குப் பொய் சொன்னால் எனக்கு நட்டம் இல்லை. றோட்டிலை ரெண்டு லொறி வரேக்கை எந்த லொறிக்கு விலத்துவியள்?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணை அசைக்கிற தசை வீங்கியிருந்தால் அது தானாகச் சரிவரும் என்றார். எலும்பு வெடிப்பில் சிக்கியிருந்தால் வராது, கீழ்மடலுக்குள்ளாலே இன்னொரு தரம் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார். எதென்று மூன்று கிழமையில் தெரியும். அதுவரை தலையை அசைக்காமல் விரலைப் பார்த்துக் கண்ணை மேலும் கீழும் ஓட்டிப் பழக வேண்டும். காரைத் தொடக்கூடாது.

வீட்டில் அம்மா பொழுதுபடச் சுவாமி விளக்கை ஏற்றி, என் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, "எத்தினை விளக்கு?" என்று கேட்பாள். "ரெண்டு" என்பேன். "ரெண்டெண்டால் வீட்டிலை கூட வெளிச்சம்" என்பாள். பகலில் நான் ரயில் கேற்றடிக்கு நடந்து போவேன். அங்கே உயரத்தில் ரயிலுக்குக் கைகாட்டி நிற்கிறதல்லவா, அது எனக்கு இரண்டு கையோடு நின்றது. ஒன்று கோச்சிக்கு, மற்றது எனக்கு. முதல் கிழமை இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. இரண்டாம் கிழமை ஒரு சாண். இடைவெளி குறைந்துகொண்டு வருகிறது, அது சிக்கவில்லை, வீக்கம்தான் என்று எனக்குள்ளே நானே டொக்டராகிவிட்டேன். கார் மாமரத்துக்குக் கீழே இலை மூடிக் கிடந்தது. தினமும் ஒரு தரம் இலையைத் தட்டிவிடுவேன். காண்டிலை அம்மா எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

சங்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். அடுத்த மார்கழிக்கு முன்னம் டொக்டரிடம் நேரே போய்க் கேட்டேன். எலும்பு ஒட்டிவிட்டது, தாராளமாக ஊதலாம் என்றார். ஊதுகிறேன். நீங்கள் கேட்டுத்தானே எழும்புகிறீர்கள். விறைத்த உதட்டில் சங்கின் வாய் படுவது தெரிவதில்லை. இடப்பக்கத்தை நம்பித்தான் வைக்கிறேன்.

மூன்றாம் கிழமை முடிய இரண்டு நாள் இருந்தது. மாமா உங்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அன்று பின்னேரம் கேற்றடியில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கைதான் தெரிந்தது. மனம் துள்ளியது. உடனே எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. நாடி உயர்ந்ததோ? ஒருதரம் பொய் சொன்னவன் தன் கண்ணையும் நம்ப ஏலாது. வீட்டுக்கு ஓடி வந்து வதனியைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன்.

கேற்றுக்குப் பக்கத்துக் கல்லில் அவளை ஏற்றி நிறுத்தினேன். "என்ரை முகத்தை ஆடாமல் பிடி, பிள்ளை. நாடி கொஞ்சம் ஏறினாலும் சொல்ல வேணும்."

அவள் இரண்டு கையாலும் என் கன்னங்களைப் பிடித்தாள். இடப்பக்கத்துக் கை சூடாக இருந்தது. வலப்பக்கத்துக் கை இருப்பது எனக்குத் தெரியவே இல்லை.

"பிடிச்சிருக்கிறியோ?"

"ஓம், இறுக்கிப் பிடிச்சிருக்கிறன். இப்ப பாருங்கோ."

கண்ணை மட்டும் உயர்த்தினேன்.

"ஒண்டு" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. என் நாடியை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள். "திரும்பச் சொல்லுங்கோ."

"ஒண்டு, பிள்ளை."

"உண்மையா?"

நான் வாய் திறக்க முன்னம் தூரத்தில் கோச்சியின் கூவல் கேட்டது. கேற்காரன் வந்து கேற்றைச் சாத்தினான். மேலே கைகாட்டி இறங்கியது. ஒன்றுதான் இறங்கியது.